வாசகர் கேள்வி – பதில்: தன்னையே குறைத்து மதிக்கும் பிள்ளைகள்

பதின்பருவப் பிள்ளைகளின் தாழ்வு மனப்பான்மை பற்றி எழுதி அனுப்புமாறு கேட்டிருந்தோம். கேரள எல்லையை ஒட்டிய தமிழ்க் குடும்பங்களிலிருந்து வந்த கடிதங்களில் நான்கிற்கு இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு வரை எங்கள் ஊர்த் தமிழ்வழிப் பள்ளியில் படித்தான். கலகலப்பான பிள்ளை, நன்றாகக் கபடி ஆடுவான். இப்போது பிளஸ் ஒன்னுக்கு வேறு பள்ளியில் சேர்ந்திருக்கிறான். பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, ஆசிரியர்கள் மலையாளத்தில் விளக்குகிறார்கள். இவன் வாயைத் திறந்தால், தமிழரை இளக்காரமாகச் சொல்லும் 'பாண்டி' என்ற பேரைச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். 'எனக்கு மூளையே இல்லம்மா, என்னால முடியாது' என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறான். எஸ்.எஸ்.எல்.சி.யில் ஃபுல் ஏ பிளஸ் வாங்கவில்லை என்ற குறையும் அவனுக்கு உண்டு. 'நீதான்டா கெட்டிக்காரன், உன்னைப் போல யாரும் இல்லை' என்று தினமும் சொல்லிப் பார்க்கிறோம். சொன்னால் கோபம்தான் வருகிறது. என்ன செய்வது?
– ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

பதில்: அம்மா, உங்கள் மகனுக்கு இரண்டு துன்பங்கள் ஒரே நேரத்தில் வந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் எதற்கு யார் பொறுப்பு என்பது தெளிவாகும். வகுப்பில் அவனைக் கேலி செய்கிறார்கள் என்பது முதலாவது. இது அவன் மனத்தில் உள்ள குறை அன்று, அவனுக்கு இழைக்கப்படும் அநீதி. 'கண்டுகொள்ளாதே, தைரியமாக இரு' என்று சொல்லி இந்தச் சுமையையும் அவன் தலையிலேயே ஏற்றிவிடக் கூடாது; இதை நிறுத்த வேண்டியவர்கள் பெரியவர்கள். அந்தக் கேலியை அவனே உண்மையென்று நம்பத் தொடங்கிவிட்டான் என்பது இரண்டாவது. முதலாவதைக் கவனிக்காமல் இரண்டாவதற்கு மட்டும் மருந்து தேடினால் எதுவும் நிலைக்காது.

ஆகவே நீங்களும் உங்கள் கணவரும் வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். ஆனால் போவதற்கு முன்பு மகனிடம் சொல்லிவிடுங்கள். அப்பா அம்மா பள்ளிக்கு வந்தால் கேலி இன்னும் கூடிவிடும் என்ற பயம் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு உண்டு. அந்தப் பயத்திலும் நியாயம் இருக்கிறது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம், எந்தப் பெயரைக் குறிப்பிடலாம் என்று அவனோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொண்டு போங்கள். பொதுவாகப் 'பையனைக் கிண்டல் பண்றாங்க' என்று சொன்னால், 'பசங்க விளையாட்டுக்குச் செய்வதுதான்' என்ற பதிலோடு அனுப்பிவிடுவார்கள். எந்தப் பாட வேளையில், என்ன வார்த்தை சொல்லப்பட்டது, அப்போது ஆசிரியர் இருந்தாரா என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். யாரையும் தண்டிக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம். இந்த வகுப்பில் அந்த வார்த்தைக்கு இடமில்லை என்று ஆசிரியர் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால் முதல்வரிடமும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திடமும் அதே தாளைக் கொண்டு போகலாம். பள்ளியில் கவுன்சிலர் இருந்தால் அவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் மகனுக்கு யாராவது பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டிய ஒரு செய்தி உண்டு. தமிழில் 'க' என்பது ஓர் எழுத்துதான். கல், பகல், தங்கம் என்ற மூன்று சொற்களிலும் அது மூன்று விதமாக ஒலித்தாலும் எழுத்து மாறுவதில்லை. மலையாளத்தில் அதே இடத்தில் நான்கு எழுத்துகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிற்கும் மூச்சையும் குரலையும் தனித்தனியாகப் பழக்க வேண்டும். ச, ட, த, ப வரிசைகளுக்கும் இப்படியே. பத்தாண்டுகள் தமிழ் எழுத்தில் படித்த நாக்கு இந்த ஒலிகளில் தடுமாறுவது இயல்பு. அதற்கும் மூளைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சத்தம் போட்டு வாசித்து வாசித்துத்தான் அது சரியாகும். வீட்டில் யாரும் சிரிக்காத இடத்தில், தினமும் ஒரு மலையாளச் செய்தித்தாளின் ஒரு பத்தியை அவன் உரக்க வாசிக்கட்டும். வகுப்பில் அவனோடு ஒழுங்காகப் பேசும் ஒரு மலையாளி நண்பனாவது இருப்பான். அவனிடம் உச்சரிப்பைக் கேட்டுத் திருத்திக்கொள்வதும், பதிலுக்கு அவனுக்கு ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுப்பதும் கேலிக்கு நடுவில் இவனுக்கு ஒரு பிடிமானத்தைத் தரும்.

இன்னொன்றையும் அவன் தெரிந்துகொள்ள வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் உருவானபோது, உங்கள் ஊர் அடங்கிய பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் தமிழ் பேசிய மக்கள் அங்கே வேரூன்றி இருந்தவர்கள். தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெறுவதற்கு மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு வசதி செய்துதர வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவு சொல்கிறது. தமிழ்வழியில் படித்தது அவனுக்கு யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகை அன்று. தான் ஒண்டவந்த இடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை என்பது தெரிந்த பிள்ளை தலையைத் தூக்கிப் பேசுவான்.

இனி, நீங்கள் தினமும் சொல்லும் பாராட்டுக்கு வருகிறேன். நீங்கள் அன்பால் சொல்வதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவன் ஏன் கோபப்படுகிறான் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தன்மதிப்புக் குறைந்தவர்களை 'நான் அன்புக்குரியவன்' என்ற பொருள்படும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தபோது, அப்படிச் சொல்லாதவர்களைவிட அவர்களுடைய மனநிலை மோசமானது. காரணம் எளிது. உள்ளே நம்பாத ஒன்றை வாய் சொல்லும்போது, 'இது பொய்' என்று மனம் உடனே எதிர்வாதம் செய்கிறது. நெதர்லாந்தில் எடி புருமெல்மன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வும் பெற்றோருக்கு முக்கியமானது. தன்மதிப்புக் குறைந்த பிள்ளைகளைத்தான் பெரியவர்கள் அதிகமாக மிகைப்படுத்திப் புகழ்கிறார்கள். அந்தப் புகழ்ச்சியைக் கேட்ட அதே பிள்ளைகள்தான் கடினமான வேலையைத் தவிர்க்கிறார்கள். 'உன்னைப் போல யாரும் இல்லை' என்ற உயரத்தை ஒவ்வொரு நாளும் காப்பாற்ற வேண்டுமே என்ற அச்சம் அவர்களைப் பின்வாங்க வைக்கிறது.

ஆகையால் பட்டம் கொடுப்பதை விடுங்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். 'நேத்து அந்தக் கணக்கை அழிச்சு அழிச்சுப் போட்டுக்கிட்டே இருந்தே, விடவே இல்ல, கடைசியில வந்துருச்சு, பார்த்தேன்' என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள். அதில் அவன் மறுக்கக்கூடியது எதுவும் இல்லை. அது நடந்தது, அவன் செய்தது, நீங்கள் பார்த்தது. 'என்னால முடியாது' என்று அவன் சொல்லும்போதும் உடனே மறுக்க வேண்டாம். 'எந்த இடத்துல முடியலை?' என்று கேளுங்கள். முதலில் 'எல்லாமேதான்' என்பான். மீண்டும் கேட்டால், இயற்பியல் வகுப்பில் ஆசிரியர் வேகமாகப் பேசும்போது சொற்கள் பிடிபடவில்லை என்பது போல ஓர் இடத்தைக் காட்டுவான். அந்த இடத்திற்கு வழி தேடலாம். 'எல்லாமே' என்பதற்கு யாராலும் வழி தேட முடியாது.

மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தை. கேரள எஸ்.எஸ்.எல்.சி.யில் ஏ பிளஸ் முதல் இ வரை ஒன்பது படிகள் உண்டு. தேர்ச்சிக்கு டி பிளஸ் போதும். எல்லாப் பாடத்திலும் மேல்படியில் நிற்கும் பிள்ளைகளின் படத்தை மட்டும் ஃப்ளெக்ஸ் அடித்து முச்சந்திதோறும் மாட்டும் வழக்கம் மற்ற அத்தனை பிள்ளைகளையும் தோற்றவர்களாக உணர வைக்கிறது. இதை நான் மனம் நொந்துதான் சொல்கிறேன். ஊரார் மாட்டும் ஃப்ளெக்ஸை உங்களால் தடுக்க முடியாது. ஆனால் பொள்ளாச்சியில் படிக்கும் சித்தப்பா மகனின் மார்க்கைச் சாப்பாட்டு நேரத்தில் பேசாமல் இருக்க உங்களால் முடியும். மாலையில் அவன் கபடிக்குப் போவதைப் படிப்பைக் காரணம் காட்டி நிறுத்தியிருந்தால், அதையும் இன்றே திரும்பக் கொடுத்துவிடுங்கள். பள்ளியில் எதுவுமே ஓடாத ஒரு பிள்ளைக்கு, தன் கையும் காலும் நன்றாக வேலை செய்யும் ஓர் இடம் கட்டாயம் தேவை.

கேள்வி: எனக்குப் பதினாறு வயது. முகம் முழுக்கப் பரு, நிறமும் கம்மி. கல்யாண வீட்டில் பெரியம்மா எல்லார் முன்னாலும் 'இவ மட்டும் யாரைக் கொண்டு பொறந்தா?' என்று கேட்டார்கள். தோழிகள் செல்ஃபி எடுத்து ஃபில்டர் போட்டு ஸ்டேட்டஸ் வைப்பார்கள். நான் எடுத்ததை எல்லாம் அழித்துவிடுவேன். மெடிக்கலில் ஒரு கிரீம் வாங்கிப் போட்டேன். முதலில் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது சிவந்து எரிகிறது. வெளியே போகவே பிடிக்கவில்லை.
– ஒரு மாணவி, வண்டிப்பெரியாறு

பதில்: மகளே, முதலில் அந்த கிரீமைப் பற்றிப் பேசுவோம், ஏனெனில் அதுதான் அவசரம். சீக்கிரம் நிறம் கொடுப்பதாகச் சொல்லி விற்கப்படும் சில களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். போட்ட சில நாள்களில் முகம் தெளிந்தது போலத் தெரியும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, சிவந்து, பரு முன்னைவிட அதிகமாகும். நீ எழுதியிருப்பது அந்த வரிசையில்தான் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லி, அந்த டியூபையும் கையில் எடுத்துக்கொண்டு ஒரு தோல் மருத்துவரைப் பார். கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, மலை இறங்கித் தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, உங்களுக்கு எது வசதியோ அங்கே போகலாம். அதை எப்படி நிறுத்துவது என்பதையும் மருத்துவரே சொல்லட்டும். திடீரென நிறுத்தும்போது சிலருக்கு எரிச்சல் கூடுவதுண்டு.

பரு அழுக்கால் வருவதில்லை. பூப்பெய்தும் வயதில் ஹார்மோன்கள் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. அந்த எண்ணெயும் உதிர்ந்த தோல் அணுக்களும் சேர்ந்து மயிர்த்துளைகளை அடைத்துவிடுகின்றன. திரும்பத் திரும்பத் தேய்த்துக் கழுவுவதாலும் கிள்ளுவதாலும் தழும்புதான் மிஞ்சும். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். உன் நிறத்துக்குச் சிகிச்சை கிடையாது, ஏனென்றால் அது நோயில்லை.

முகம் பிடிக்காததால் உன்னையே பிடிக்காமல் போகிறதே, அது உனக்கு மட்டும் நேர்வதில்லை. பதின்பருவத்தினரின் தன்மதிப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த சூசன் ஹார்ட்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் படிப்பு, விளையாட்டு, நட்பு, நடத்தை, தோற்றம் எனத் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தபோது, தங்கள் தோற்றத்தைப் பற்றி அவர்கள் நினைப்பதுதான் மொத்தத் தன்மதிப்போடு மிக நெருக்கமாகப் பிணைந்திருந்தது. போதாததற்கு, எல்லாக் கண்களும் தன்மேல்தான் இருக்கின்றன என்று தோன்றுவது இந்த வயதின் இயல்பு. 1967இல் டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் இதைக் கற்பனைப் பார்வையாளர் கூட்டம் என்று விளக்கினார். நீ கடைத்தெருவில் நடக்கும்போது உன் கன்னத்துப் பருவை எண்ணிக்கொண்டு யாரும் வருவதில்லை. அவரவர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஆனால் பெரியம்மா சொன்னது கற்பனையில்லை. அது உன்னைக் காயப்படுத்தியது, காயப்படுத்தக் கூடியதுதான். அடுத்த முறை அப்படிக் கேட்டால், 'எங்க அப்பாவைக் கொண்டுதான் பெரியம்மா' என்று நிமிர்ந்து சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. மரியாதை குறையாது, பேச்சும் அதோடு முடியும். உன் அம்மா இதைப் படித்தால் அவரிடமும் ஒரு வேண்டுகோள்: அந்த இடத்தில் நீங்கள் மௌனமாக இருந்தால், பெரியம்மா சொன்னதை நீங்களும் ஒப்புக்கொண்டதாகவே மகள் எடுத்துக்கொள்வாள். அங்கேயே 'அப்படிப் பேசாதீங்க அக்கா' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

செல்ஃபியை அழிப்பதும் அழிக்காததும் உன் விருப்பம். ஃபில்டர் போட்ட முகத்தோடு உன் முகத்தை ஒப்பிட்டு வருந்துகிறாய். அந்தத் தோழிகளும் கண்ணாடியில் பார்ப்பது ஃபில்டர் இல்லாத முகத்தைத்தான். சில வாரம் ஸ்டேட்டஸ் பார்ப்பதைக் குறைத்துப் பார். வீட்டுக்குள்ளேயே இருப்பதை மட்டும் நீட்டிக்காதே. ஒளிந்திருக்க ஒளிந்திருக்க வெளியே வரும் பயம் வளர்ந்துகொண்டே போகும். முதலில் உனக்கு மிகவும் பிடித்த ஒரு தோழியோடு நூலகத்துக்கோ கடைக்கோ போய் வா.

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான், கூச்ச சுபாவம். திருவனந்தபுரத்தில் ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி முகாம் நடத்துகிறார்கள். மூன்று நாளில் தன்னம்பிக்கை வந்துவிடும் என்கிறார்கள், கட்டணம் அதிகம். சேர்க்கலாமா?
– ஒரு தந்தை, களியக்காவிளை

பதில்: வேண்டாம் ஐயா. தன்மதிப்பைத் தனியாக எடுத்து ஊட்டிவிட்டால் மற்றதெல்லாம் தானே சரியாகும் என்று நம்பி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில அரசே 1986இல் ஒரு பணிக்குழு அமைத்தது. 2003இல் உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் மற்ற ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, தன்மதிப்பை உயர்த்துவதால் மட்டும் படிப்பு உயர்வதில்லை என்று தெரிந்தது. நன்றாகச் செய்வதால் தன்மதிப்பு உயர்வது ஓரளவு உண்மை. ஒரு வேலையைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கைக்கு, தானே செய்து முடித்த அனுபவமே மிக வலுவான ஆதாரம் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977இலேயே எழுதினார். மேடையில் 'நான் ஜெயிப்பேன்' என்று கத்தியதன் சூடு ஞாயிற்றுக்கிழமை இரவோடு ஆறிவிடும்.

கூச்சம் ஒரு குறை அன்று; எல்லாக் கூச்சமும் தாழ்வு மனப்பான்மை ஆகாது. அவன் சந்தோஷமாக இருந்து, ஓரிரு நண்பர்களும் இருந்தால் அவனை மாற்ற வேண்டியதில்லை. உறவினர் முன்னால் 'இவன் பேசவே மாட்டான்' என்று அறிமுகப்படுத்துவதை மட்டும் நிறுத்துங்கள். அந்தக் கட்டணப் பணத்தில் அவன் ஆசைப்படும் செண்டை மேளத்துக்கோ நீச்சலுக்கோ சேர்த்துவிடுங்கள். மின்கட்டணம் கட்டுவது, ரப்பர் ஷீட்டை எடை போட்டுக் கணக்குப் பார்த்து விற்று வருவது போன்ற ஒரு பொறுப்பை முழுமையாக அவனிடம் ஒப்படையுங்கள். முதல் முறை கணக்குத் தப்பினால் பிடுங்கிக்கொள்ள வேண்டாம். இரண்டாம் முறையும் அவனையே அனுப்புங்கள்.

கேள்வி: மகனும் மருமகளும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். பதினான்கு வயதுப் பேத்தி எங்களோடு ஏலத்தோட்டத்தில் இருக்கிறாள். தன்னை யாருக்கும் பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். தாழ்வு மனப்பான்மை, வயது போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம். இப்போது சில வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, தோழிகள் வந்தாலும் பேசுவதில்லை. 'நான் இருந்து என்ன ஆகப் போகுது தாத்தா' என்கிறாள். யாரிடம் காட்டுவது?
– ஒரு தாத்தா, உடும்பன்சோலை

பதில்: ஐயா, இது காத்திருக்கும் விஷயம் அன்று. தன்னைக் குறைத்து மதிக்கும் பிள்ளைகள் சிரிப்பார்கள், சாப்பிடுவார்கள், பிடித்ததைச் செய்வார்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் ஏறக்குறைய எல்லா நாளும் சோர்வு, தூக்கமின்மை, உணவில் வெறுப்பு, எதிலும் நாட்டமின்மை என்று இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இந்த வயதில் அது அழுகையாக இல்லாமல் எரிச்சலாகவும் வெளிப்படும். இது சிகிச்சையால் குணமாகக் கூடிய நோய்; பிடிவாதமும் அன்று, வளர்ப்பின் குறையும் அன்று.

'இருந்து என்ன' என்ற சொல்லை அப்படியே விட்டுவிடாதீர்கள். இன்றைக்கே அவள் பக்கத்தில் உட்கார்ந்து, 'செத்துப் போகலாம்னு தோணுதா கண்ணு?' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள், அப்படி வருவதில்லை. கேட்ட பிறகுதான் பல பிள்ளைகள் முதல் முறையாக மனம் திறக்கிறார்கள். ஆமென்று சொன்னால் அதிர்ச்சியைக் காட்ட வேண்டாம், திட்ட வேண்டாம், 'அப்பா அம்மா உனக்காகத்தானே கஷ்டப்படுறாங்க' என்றும் சொல்ல வேண்டாம். தான் ஒரு பாரம் என்று ஏற்கெனவே நினைக்கும் பிள்ளைக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் இன்னொரு கல்லாக விழும். 'சொன்னியே, நல்லது. நான் கூட இருக்கேன்' என்பது போதும். அன்று இரவு அவளைத் தனியே விடாதீர்கள்; பாட்டி அருகில் படுத்துக்கொள்ளட்டும்.

14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி 24 மணி நேரமும் இலவசமாகக் கிடைக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவையில் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். நீங்களும் பேசலாம், பேத்தியும் பேசலாம். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். நாளைக் காலையிலேயே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வரும் நாளையும் இடத்தையும் கேளுங்கள். அவள் உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் நாளைக்காகக் காத்திருக்காமல் இன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஏலத்தோட்டத்து வீடு என்பதால் இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன். செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்து வீட்டில் இருந்தால், பாதி தீர்ந்த டப்பாக்கள் உட்பட அனைத்தையும் இன்றே அப்புறப்படுத்தி, தோட்ட ஸ்டோரில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். உங்கள் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளும் அவள் கைக்கு எட்டாமல் பூட்டில் இருக்கட்டும். பிறகு மகனுக்குப் போன் செய்து, லீவு கிடைக்கவில்லை என்று தள்ளிப்போடாமல், இருவரில் ஒருவராவது இந்த வாரமே புறப்பட்டு வந்து, முதல் முறை மருத்துவரைப் பார்க்கும்போது அவளோடு இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.